தோலின் இயற்கை எண்ணெயும் உண்ணும் உணவும்: ‘தேரைத் தோல்’ கற்பித்த பாடம்

புனே: டிசம்பர் பிறந்ததும் தக்காணப் பீடபூமியின் காற்று ஈரத்தை இழந்துவிடுகிறது. புனே நகரில் அடுத்த இரண்டு, மூன்று மாதங்களுக்கு உதடு வெடிப்பதும், முழங்கை வெளிறிப்போவதும், காலில் நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழுவதும் வழக்கமான காட்சிகள். மருந்துக் கடைகளின் முன்வரிசைக்குக் களிம்புகள் வந்து சேர்கின்றன. தோல் வறண்டால் மேலே எதையாவது பூசவேண்டும் என்பதே பெரும்பாலோரின் முதல் எண்ணம்.

அதே நகரின் மரச்செக்குக் கடைகளில் கடலை எண்ணெய்க்கு அருகே வெளிர்மஞ்சள் நிறத்தில் மற்றொரு எண்ணெய் இருக்கும. மராத்தியில் ‘கர்டி’ எனப்படும் அது, தமிழில் குசும்பா எண்ணெய். தோலுக்குள் இருக்கும் எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அறிவியல் விடை தேடிய வரலாற்றில் இந்த எண்ணெய்க்கு ஓர் இடம் உண்டு. அந்த வரலாற்றின் பெரும்பகுதி இலங்கை, குன்னூர், ஹைதராபாத் ஆகிய இடங்களில், போதிய உணவு கிடைக்காத பிள்ளைகளின் முழங்கைகளையும் முழங்கால்களையும் பார்த்து எழுதப்பட்டது.

இரண்டு வகை எண்ணெய்

தோலின் இயற்கை எண்ணெய் என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையில் இரண்டு வேறு பொருள்களைக் குறிக்கிறது. முதலாவது, மயிர்க்கால்களை ஒட்டியுள்ள எண்ணெய்ச் சுரப்பிகளில் உருவாகும் ‘சீபம்’. முகம், உச்சந்தலை, மேல்மார்பு, மேல்முதுகு ஆகிய இடங்களில் இச்சுரப்பிகள் அடர்ந்துள்ளன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அறவே இல்லை. சுரப்பியின் உயிரணுக்கள் தமக்குள் கொழுப்பைச் சேர்த்து, பின்னர் தாமே வெடித்துச் சிதைந்து சீபமாக வெளிவருகின்றன. இதில் பாதிக்கு மேல் டிரைகிளிசரைடுகளும் அவை உடைந்து உருவாகும் கொழுப்பு அமிலங்களும். ஏறத்தாழ கால் பங்கு மெழுகு எஸ்டர்கள். 12 சதவீத அளவில் ஸ்குவாலீன். எஞ்சிய சிறுபகுதி கொலஸ்டிரால் சார்ந்தவை.

இரண்டாவது வகை கண்ணுக்குத் தெரியாதது. தோலின் வெளிப்படலத்தில் இறந்த உயிரணுக்கள் செங்கற்களைப் போல் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கிடையே சாந்து போல நிரம்பியிருப்பது ஒரு கொழுப்புக் கலவை. இதில் ஏறக்குறைய பாதி செராமைடு. மீதி கொலஸ்டிராலும் கொழுப்பு அமிலங்களும். உடலின் நீர் வெளியே ஆவியாகாமலும், வெளியிலுள்ள கிருமிகள் உள்ளே புகாமலும் காப்பது இந்தச் சாந்துதான். முகத்தில் எண்ணெய் வடிகின்ற ஒருவருக்கே முழங்கால் வறண்டு வெடிப்பதைப் பார்க்கிறோம். முகத்தில் வடிவது சீபம். முழங்காலில் குறைந்திருப்பது சாந்து. இரண்டும் வெவ்வேறு பட்டறைகளில் உருவாகின்றன. உணவு அவற்றைப் பாதிக்கும் விதமும் வெவ்வேறு.

உடலால் செய்ய முடியாத ஒரு பொருள்

இந்தச் சாந்தின் பெரும்பாலான மூலப்பொருள்களை உடல் தானே தயாரித்துக்கொள்ளும். சோற்றிலும் சர்க்கரையிலுமிருந்து கூட அது கொழுப்பை உருவாக்கவல்லது. ஆனால், லினோலிக் அமிலம் என்ற ஒன்றை மட்டும் மனித உடலால் உருவாக்க இயலாது. நீர்க்காப்புக்கு இன்றியமையாத சிறப்பு வகைச் செராமைடுகள் இந்த அமிலத்தைச் சுமந்திருக்கின்றன. உணவில் அது வராவிட்டால் உடல் அந்த இடத்தில் ஒலீயிக் அமிலத்தை வைத்து ஒப்பேற்றுகிறது. சுவர் எழும், ஆனால் கசியும்.

1929-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் இதைக் கண்டறிந்தனர். கொழுப்பு என்பது எரிபொருள் மட்டுமே, வைட்டமின்கள் கிடைத்தால் அது இல்லாமலும் வாழலாம் என்பது அக்காலக் கருத்து. இவர்கள் எலிகளுக்கு வைட்டமின்களைக் கொடுத்து, கொழுப்பை மட்டும் முற்றிலும் விலக்கினர். எலிகளின் வாலில் செதில் எழுந்தது, தோல் உரிந்தது, வளர்ச்சி நின்றது. வழக்கத்தைவிட அதிகமாக நீர் குடித்தும் அவற்றின் சிறுநீர் அந்த அளவுக்குப் பெருகவில்லை. குடித்த நீர் தோல் வழியே ஆவியாகிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டே லினோலிக் அமிலம் அந்த எலிகளைத் தேற்றியதை அவர்கள் காட்டினர். ‘அத்தியாவசியக் கொழுப்பு அமிலம்’ என்ற சொல் பிறந்தது இங்கேதான்.

மனிதருக்கும் இது பொருந்துமா என்று அறிய, அதே ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் பிரவுன் 6 மாதங்கள் கொழுப்பு நீக்கிய உணவை உண்டார். அவரது இரத்தத்தில் லினோலிக் அமிலம் குறைந்தது. தோலில் நோய் தோன்றவில்லை. வளர்ந்த மனிதரின் உடற்கொழுப்பில் இந்த அமிலம் ஏற்கெனவே சேமிப்பாக இருப்பதே காரணம் என்று பின்னர் விளங்கியது. சேமிப்பில்லாத குழந்தைகளின் நிலை வேறு. 1963-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஆரில்ட் ஹான்சன் குழுவினர் 428 பச்சிளம் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். லினோலிக் அமிலம் மிகக் குறைந்த பால்கலவையை உண்ட குழந்தைகளின் தோல் வறண்டு, தடித்து, உரிந்தது. அந்த அமிலத்தைச் சேர்த்ததும் தோல் சீரானது.

தேரையின் பெயர் பெற்ற நோய்

ஆய்வகத்தில் எலிகளுக்கு வரவழைக்கப்பட்ட இத்தகைய குறைபாடு, ஆசியாவின் ஏழைப் பிள்ளைகளிடம் இயல்பாகவே காணப்பட்டது. இலங்கையில் பணியாற்றிய மருத்துவர் லூசியஸ் நிக்கல்ஸ் 1933-ல் ‘இந்தியன் மெடிக்கல் கெசட்’ இதழில் ஒரு தோல்நோயை விவரித்து அதற்கு ‘ஃபிரைனோடெர்மா’ என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் இதன் பொருள் ‘தேரைத் தோல்’.

முழங்கை, முழங்கால், தொடை, பிட்டம் ஆகிய பகுதிகளில் ஒவ்வொரு மயிர்க்காலிலும் கூம்பு வடிவில் ஒரு கெட்டியான முள் போன்ற புடைப்பு எழும். தடவிப் பார்த்தால் கை கிழிபடுவது போலிருக்கும். சுற்றியுள்ள தோல் சுருங்கி வறண்டிருக்கும். 5 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளையே இது அதிகம் தாக்கியது.

தமிழ் வழக்கில் உடல் மெலிந்து தோல் சுருங்கிய குழந்தையைத் ‘தேரை விழுந்த பிள்ளை’ என்பார்கள். கிரேக்கச் சொல்லைத் தேடி எடுத்த மருத்துவரும், பெயர் தெரியாத நம் பாட்டிமாரும் உணவு போதாத குழந்தையைப் பார்த்தபோது ஒரே உயிரினத்தையே நினைத்திருக்கிறார்கள்.

நிக்கல்ஸ் இதை வைட்டமின் ஏ குறைபாடு என்று கருதினார். நோய்கண்ட பலருக்கு மாலைக்கண்ணும் இருந்ததால் அந்த முடிவு இயல்பாகவே தோன்றியது. அதே காலகட்டத்தில் நீலகிரியின் குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வகம் இயங்கிவந்தது. 1918-ல் ராபர்ட் மெக்கரிசன் அங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தில் பெரிபெரி நோயை ஆராய ஓர் அறையில் தொடங்கிய பணி அது. அவருக்குப் பின் பொறுப்பேற்ற வாலஸ் அய்க்ராய்டும் அவரது குழுவினரும் தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளின் உடல்நிலையை ஆராய்ந்தபோது, எடை, உயரத்தோடு தோலின் நிலையையும் குறித்துக்கொண்டனர். உணவுப் பற்றாக்குறையை வெளிக்காட்டும் அடையாளங்களுள் ஒன்றாகத் தேரைத் தோல் கணக்கில் சேர்ந்தது.

குசும்பா எண்ணெய் தந்த விடை

வைட்டமின் ஏ கொடுத்தும் பல பிள்ளைகளின் தோல் தேறவில்லை. எனவே, 1950-களில் இந்திய மருத்துவர்கள் தாவர எண்ணெய்களைக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினர். குன்னூர் ஆய்வகம் 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது. அங்கே எஸ்.ஜி.ஸ்ரீகாந்தியா, பவானி பெலவாடி ஆகியோர் 1961-ல் இந்நோயின் மருத்துவ, உயிர்வேதியியல் கூறுகளை வெளியிட்டனர். 1967-ல் கே.எஸ்.பட், பெலவாடி இருவரும் நோயாளிகளின் இரத்தத்திலுள்ள அத்தியாவசியக் கொழுப்பு அமிலங்களை அளந்தனர், அவை குறைந்திருந்தன. லினோலிக் அமிலம் நிறைந்த குசும்பா போன்ற எண்ணெய்களைப் பி குழு வைட்டமின்களுடன் சேர்த்துக் கொடுத்த சிகிச்சை பலன் தந்தது. முட்கள் உதிர்ந்து, தோல் மெல்ல மென்மையடைந்தது.

குசும்பா எண்ணெயில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு லினோலிக் அமிலம். வேறு எந்தச் சமையல் எண்ணெயிலும் அது இவ்வளவு செறிவாக இருப்பது அரிது. மகாராஷ்டிரத்தின் வறண்ட மாவட்டங்களில் சோளத்தோடு ரபி பருவத்தில் விளைந்துவந்த முட்செடி இது. புனேயிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள பல்டனில் நிம்ப்கர் வேளாண் ஆய்வு நிறுவனம் இப்பயிரின் முள்ளில்லாத வகைகளை உருவாக்கியது. சோலாப்பூர், அனைத்திந்திய குசும்பா ஆய்வுத் திட்டத்தின் முக்கிய மையமாக விளங்கியது. ஆயினும் விலை, விளைச்சல், மலிவான பாமாயிலின் வரவு ஆகியவற்றுக்கு ஈடுகொடுக்க முடியாமல் இப்பயிரின் பரப்பு பெரிதும் சுருங்கிவிட்டது.

தேரைத் தோலின் கதை ஒரே ஒரு சத்தோடு முடியவில்லை. 1980-ல் வெளியான ஹைதராபாத் ஆய்வு வைட்டமின் இ-யின் பங்கைச் சுட்டியது. 1988-ல் அதே நிறுவனத்தின் கபூருன்னிசா குழுவினர், இது உண்மையிலேயே அத்தியாவசியக் கொழுப்பு அமிலக் குறைபாடுதானா என்ற கேள்வியையே கட்டுரையின் தலைப்பாக்கினர். உண்ட லினோலிக் அமிலத்தை உடல் அடுத்தகட்டப் பொருள்களாக மாற்றுவதற்கு வைட்டமின் பி6, துத்தநாகம் ஆகியவற்றின் துணை வேண்டும். தோலின் உயிரணுக்கள் முறையாக முதிர்வதற்கு வைட்டமின் ஏ வேண்டும். ஏழைப் பிள்ளையின் தட்டில் இவை யாவும் ஒருசேரக் குறைந்திருக்கும். ஒற்றை மாத்திரையால் தீராத நோயாக அது நின்றதற்குக் காரணம் இதுவே.

பட்டினியிலும் பருவிலும் மாறும் சீபம்

இனி முதல் வகை எண்ணெயான சீபத்துக்கு வருவோம். இதில் பெரும்பகுதியைச் சுரப்பி தானே தயாரிக்கிறது. மனிதருக்கே உரிய ‘சேப்பியனிக் அமிலம்’ என்ற கொழுப்பு அமிலம் இதன் சிறப்புக் கூறு. பரம்பரை, வயது, ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் ஆகியவையே சீபத்தின் அளவைப் பெரிதும் நிர்ணயிக்கின்றன. எனவே, நேற்று உண்ட வடையின் எண்ணெய் இன்று முகத்தில் வழிகிறது என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை.

எனினும் உணவு இங்கும் தன் தடத்தைப் பதிக்கிறது. 1970-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், உடல்பருமன் சிகிச்சைக்காக முற்றிலும் உணவைத் தவிர்த்திருந்தவர்களின் சீபத்தை அளந்தனர். சுரப்பு ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. அதன் உள்ளமைப்பும் மாறியது. பிற கொழுப்புகள் குறைய, ஸ்குவாலீனின் விகிதம் உயர்ந்தது. உணவின்றி இருப்பவரின் சருமம் ‘களை இழந்து’ தோன்றுவதில் இந்த மாற்றத்துக்கும் பங்குண்டு.

மறுமுனையில் இருப்பது முகப்பரு. மாவுப்பண்டமும் சர்க்கரையும் மிகுந்த உணவு இரத்தச் சர்க்கரையை விரைந்து உயர்த்துகிறது. இன்சுலினும் அதைச் சார்ந்த வளர்ச்சிக் காரணிகளும் உயர்ந்து எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டுகின்றன. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 15 முதல் 25 வயது வரையுள்ள 43 இளைஞர்களிடம் 12 வாரங்கள் நடத்தப்பட்ட ஆய்வு 2007-ல் வெளியானது. இரத்தச் சர்க்கரையை மெதுவாக உயர்த்தும் உணவை உண்டவர்களுக்குப் பருக்கள் கூடுதலாகக் குறைந்தன. அடுத்த ஆண்டு வெளியான தொடர் ஆய்வு, அவர்களின் தோல் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு அமிலங்களுக்கும் நிறைவுறாதவற்றுக்கும் இடையிலான விகிதம் மாறியிருந்ததைக் காட்டியது. அவர்களில் பலருக்கு எடையும் குறைந்திருந்ததால், பலன் முழுவதும் உணவின் தன்மையால் மட்டும் வந்தது என்று கொள்ள முடியாது. 2012-ல் தென்கொரியாவில் 32 பேரிடம் 10 வாரங்கள் நடந்த ஆய்விலும் இதையொத்த உணவு எண்ணெய்ச் சுரப்பிகளின் அளவைச் சுருக்கியது.

முகப்பரு உள்ளவர்களின் சீபத்தில் லினோலிக் அமிலத்தின் விகிதம் குறைந்திருப்பதும் அறியப்பட்டதே. ஒவ்வொரு சுரப்பி உயிரணுவும் இரத்தத்திலிருந்து ஓரளவு லினோலிக் அமிலத்தையே பெற்றுத் தொடங்குகிறது. சுரப்பு பெருகும்போது அந்தச் சிறு அளவு பெருங்கொழுப்பில் கரைந்து நீர்த்துப்போகிறது. மயிர்க்காலின் சுவர் அதற்குப் பற்றாக்குறை கண்டு தடித்து அடைபடுகிறது என்பது 1986-ல் டொனால்ட் டவுனிங், ஜான் ஸ்ட்ராஸ் முதலியோர் முன்வைத்த விளக்கம். போதிய லினோலிக் அமிலத்தை உண்பவருக்கும் பரு வரலாம் என்பதை இது புரியவைக்கிறது.

எந்த எண்ணெயில் எவ்வளவு?

சமையல் எண்ணெய்கள் அனைத்தும் ஒரே அளவு ஆற்றலைத் தருபவை. ஒரு கிராமுக்கு 9 கிலோகலோரி. ஆனால் லினோலிக் அமிலத்தின் அளவில் அவற்றுக்குள் பெரும் வேறுபாடு உண்டு. 100 கிராம் எண்ணெயில் இருக்கும் தோராய அளவுகள் இவை: குசும்பா 75 கிராம், சூரியகாந்தி 60, சோயா 53, நல்லெண்ணெய் 40 முதல் 45, கடலை எண்ணெய் 30, கடுகு எண்ணெய் 15, பாமாயில் 10, நெய்யும் தேங்காய் எண்ணெயும் சுமார் 2. ‘ஹை ஒலீயிக்’ என்று குறிப்பிட்டு விற்கப்படும் சூரியகாந்தி, குசும்பா வகைகளில் இந்த அமிலம் மிகக் குறைவு. அவை வேறு நோக்கத்துக்காக உருவாக்கப்பட்டவை.

எண்ணெய்ப் புட்டி மட்டுமே ஒரே வழி என்பதும் இல்லை. கம்பு, சோளம், பருப்பு, நிலக்கடலை, எள் ஆகியவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத கொழுப்பாக லினோலிக் அமிலம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் எளிய வீடுகளில் சோள பாக்ரியோடு வைக்கப்படும் காரளே சட்னி, பேயெள் விதையில் செய்யப்படுவது; அவ்விதையின் எண்ணெயில் இந்த அமிலமே மிகுதி. ஆளிவிதையில் அரைக்கும் ஜவஸ் சட்னி, ஒமேகா-3 வகையைச் சேர்ந்த மற்றோர் அத்தியாவசியக் கொழுப்பைத் தருகிறது. தமிழகத்தின் எள்ளுப்பொடிக்கும் நல்லெண்ணெய்க்கும் இதே வரிசையில் இடமுண்டு. ஊட்டச்சத்துக் கணக்குகள் எழுதப்படுவதற்கு முன்பே இவை இரு மாநிலங்களின் அடுக்களைகளிலும் இருந்தவை.

பிள்ளைகளின் தட்டில் 5 கிராம்

உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண் அமைப்பும் 2010-ல் வெளியிட்ட வல்லுநர் அறிக்கை, குறைபாட்டைத் தவிர்க்க அன்றாட ஆற்றலில் குறைந்தது 2.5 சதவீதம் லினோலிக் அமிலத்திலிருந்து வரவேண்டும் என்கிறது. நாளொன்றுக்கு 1,500 கிலோகலோரி தேவைப்படும் ஒரு சிறுவனுக்கு இது ஏறத்தாழ 4 கிராம்.

மத்திய அரசின் பி.எம்.போஷன் பள்ளி உணவுத் திட்டம், தொடக்கப் பள்ளி மாணவர் ஒருவருக்கு ஒருவேளை உணவில் 5 கிராம் எண்ணெயும், உயர் தொடக்கப் பள்ளி மாணவருக்கு 7.5 கிராமும் ஒதுக்குகிறது. இந்த 5 கிராம் சூரியகாந்தி எண்ணெயாக இருந்தால் 3 கிராம் லினோலிக் அமிலம் கிடைக்கும். நாள் தேவையில் முக்கால் பங்கு. கடலை எண்ணெயானால் ஒன்றரை கிராம். பாமாயிலானால் அரை கிராம். செலவுக் கணக்கில் எல்லாமே ‘எண்ணெய் 5 கிராம்’ என்ற ஒரே வரியில் அடங்கிவிடும். தோலின் கணக்கில் அவை ஆறு மடங்கு வேறுபடுகின்றன.

வீட்டில் மற்ற வேளைகளில் நிறைவாக உண்ணும் பிள்ளைக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. உறைவிடப் பள்ளியிலும் விடுதியிலும் வளரும் பிள்ளைக்கு மூன்று வேளையும் ஒரே சமையலறைதான். புனே மாவட்டத்தின் அம்பேகாவ், ஜுன்னர் போன்ற மலைசார்ந்த வட்டங்களில் பழங்குடிப் பிள்ளைகள் பயிலும் ஆசிரமப் பள்ளிகளும், தமிழகத்தின் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நல விடுதிகளும் இத்தகையவை. அங்கு எந்த எண்ணெய் வாங்கப்படுகிறது, வாரத்தில் எத்தனை நாள் கடலையோ எள்ளோ தட்டில் விழுகிறது என்பவை ஒரு பிள்ளையின் தோலின் நீர்க்காப்பையும் நிர்ணயிக்கின்றன. தமிழக நியாயவிலைக் கடைகளில் மலிவு விலையில் வழங்கப்படும் பாமாயில் ஏழைக் குடும்பங்களுக்கு அவசியமான ஆற்றலைத் தருகிறது. அதனோடு சிறிது நிலக்கடலையோ எள்ளோ சேர்ந்தால் பாமாயில் தராததை அவை ஈடுசெய்யும்.

மேலே பூசினால் போதுமா?

தோலுக்கு வேண்டிய கொழுப்பை வெளியிலிருந்தும் கொடுக்க முடியும் என்பது 1974-ல் ‘லான்செட்’ இதழில் வெளியான பிரிட்டன் ஆய்வால் தெரியவந்தது. குடலின் பெரும்பகுதி அகற்றப்பட்டு, கொழுப்பை உறிஞ்ச இயலாத நோயாளிகளின் கையில் சூரியகாந்தி எண்ணெய் தேய்க்கப்பட்டபோது அவர்களின் அத்தியாவசியக் கொழுப்பு அமிலக் குறைபாடு சீரடைந்தது. வங்கதேசத்தின் டாக்கா சிஷு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் பூசிய ஆய்வின் முடிவு 2005-ல் வெளியானது. எண்ணெய் பூசப்பட்ட குழந்தைகளுக்கு மருத்துவமனைத் தொற்று ஏற்படும் வாய்ப்பு 41 சதவீதம் குறைந்திருந்தது. தோலின் சாந்து உறுதியாக இருப்பது அழகுக்கு மட்டும் உரிய விஷயமில்லை என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

தீபாவளியன்று மகாராஷ்டிரத்தில் செய்யும் அப்யங்க ஸ்நானமும், தமிழகத்தின் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் தோலின் ஈரத்தைக் காக்கும் வழக்கங்களே. ஆனால் எல்லா எண்ணெய்களும் ஒரே பலனைத் தருவதில்லை. பிரிட்டனின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், ஆலிவ் எண்ணெய் தோலின் காப்பைப் பலவீனப்படுத்தியது. சூரியகாந்தி எண்ணெய் அவ்வாறு செய்யவில்லை. குறைமாதக் குழந்தைக்கு எதைப் பூசுவது என்பதை மருத்துவரே முடிவு செய்யவேண்டும்.

குறைக்கச் சொல்பவர்களும் சரி

நாட்டில் உடல்பருமன் பெருகிவருவதைச் சுட்டிக்காட்டிய பிரதமர் நரேந்திர மோடி, 2025 பிப்ரவரியில் ‘மனதின் குரல்’ நிகழ்ச்சியில் சமையல் எண்ணெய்ப் பயன்பாட்டை 10 சதவீதம் குறைக்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், 2,000 கிலோகலோரி தேவைப்படும் ஒருவரின் தட்டுக்கு எண்ணெயும் கொழுப்பும் சேர்த்து 27 கிராமே பரிந்துரைக்கப்பட்டுள்ளது. நகரத்து நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றில் அன்றாடப் பயன்பாடு இதைத் தாண்டிவிடுகிறது. அங்கே எண்ணெயைக் குறைப்பது தோலுக்குக் கேடு செய்யாது. 27 கிராமுக்குள்ளேயே லினோலிக் அமிலத்தின் தேவை நிறைவேறிவிடும். ஒரே எண்ணெயைப் பிடித்துக்கொள்ளாமல் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதே வல்லுநர்களின் அறிவுரை.

தோல் பளபளப்புக்கென்று குசும்பா எண்ணெயைக் கரண்டி கரண்டியாகக் குடிப்பதும், வைட்டமின் ஏ மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி விழுங்குவதும் பயன் தராது. தேவைக்கு மேல் கிடைக்கும் லினோலிக் அமிலத்தால் தோலின் சுவர் கூடுதலாக வலுப்பெறுவதில்லை. வைட்டமின் ஏ அளவு மீறினால் தோலே வறண்டு உரியும். கர்ப்பிணிகளுக்கு அது ஆபத்தானது.

குளிர்காலத்தில் மட்டும் தோன்றி, சாதாரணக் களிம்பில் மறையும் வறட்சிக்குக் கவலை வேண்டாம். ஆனால் ஒரு பிள்ளையின் முழங்கையிலும் முழங்காலிலும் மயிர்க்கால்தோறும் முள் போன்ற புடைப்புகள் மாதக்கணக்கில் நீடித்தால், குறிப்பாக எடை கூடாமலோ மாலையில் பார்வை மங்கியோ இருந்தால், தோல் மருத்துவரிடமும் குழந்தை மருத்துவரிடமும் காட்டுவது அவசியம். பரம்பரையாக வரும் வேறு சில தோல் நிலைகளும் இதைப் போலவே தோன்றும் என்பதால் வீட்டிலேயே முடிவு கட்டுவது சரியாகாது.

மேல்தோல் முழுவதும் புதுப்பிக்கப்பட ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும். எனவே உணவை மாற்றியதன் பலன் மறுநாளே கண்ணாடியில் தெரியாது. தேரைத் தோலோடு வந்த பிள்ளைகளைத் தேற்றிய மருத்துவர்களும் வாரக்கணக்கில் காத்திருந்துதான் அந்த முட்கள் உதிர்வதைப் பார்த்தார்கள். விடுதிச் சமையலறையின் கொள்முதல் பட்டியலை ஆராயும் அதிகாரியும், பிள்ளைக்குக் களிம்பு வாங்கக் கடைக்குச் செல்லும் பெற்றோரும், அதற்கு முன் அந்தப் பிள்ளையின் தட்டில் இருப்பது என்ன என்று ஒருமுறை பார்ப்பது நல்லது.